இளையோர் நாவல் படித்தால் கடினமான ஆங்கிலச் சொற்கள் மனதில் நிற்குமா?

நிலாமுற்றம்:
வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வுக்காக நான்கு மாதங்கள் ஆங்கிலச் சொற்பட்டியலை உருப்போட்டேன். இன்று ஐம்பது படித்தால் அடுத்த வாரம் பாதி போயிருக்கும். அப்புறம் பட்டியலை மூடிவிட்டு, பதின்வயதினருக்கான ஒரு மாயக்கதை நாவலை எடுத்தேன். சாவி தொலைந்துவிட்டது என்று தோழி மூன்றாவது முறையாகச் சொல்கிறாள். நாயகி அவளை ‘இன்க்ரெடுலஸ்’ ஆகப் பார்க்கிறாள். புருவம் உயர்ந்த அந்த முகம் எனக்கு அப்படியே தெரிந்தது. நம்ப மறுக்கும் பார்வை! அந்தச் சொல் இன்றுவரை மறக்கவில்லை. கதையோடு வரும் சொல்தான் தங்கும் என்பது என் கட்சி.

சொல்லேர்:
நினைவில் நின்ற ஒரு சொல்லைச் சொல்கிறீர்கள். மறந்தவற்றுக்குக் கணக்கு யார் வைத்தது? வேரிங், டகாகி என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் சோதித்தார்கள். மாணவர்களுக்கு எளிய கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, அதில் வந்த 25 புதுச்சொற்களைப் பிறகு கேட்டார்கள். மூன்று மாதம் கழித்து, துணைக்குறிப்பு இல்லாமல் பொருள் சொல்ல முடிந்தது சராசரியாக ஒரே ஒரு சொல்லுக்குத்தான்.

இன்னொன்று. இந்த நாவல்களில் ‘ஸ்கௌல்’, ‘ஸ்மர்க்’, ‘வின்ஸ்’ என்று முகபாவச் சொற்கள் கொட்டிக் கிடக்கும். தேர்வு கேட்பதோ ‘மிட்டிகேட்’ (தணித்தல்), ‘ஈக்விவொகல்’ (இருபொருள்படும்) போன்றவை. நாவலை நம்பி அவற்றுக்குக் காத்திருக்க முடியாது.

நிலாமுற்றம்:
அந்த ஆய்வில் படித்தது ஒரே ஒரு சின்னப் புத்தகம். நான் படித்தது ஒரே ஆசிரியரின் தொடர் நாவல்கள். எந்த எழுத்தாளருக்கும் கைவந்த சொற்கள் சில உண்டு. அவை பாகத்துக்குப் பாகம் திரும்ப வரும். ‘ஷக்ரின்’, அதாவது அவமானம் கலந்த வருத்தம், எனக்கு அப்படித்தான் வந்தது. முதல் தடவை அகராதி பார்த்தேன், மூன்றாவது தடவை ஊகித்தேன், அதற்குப் பிறகு நின்று யோசிக்கவே இல்லை.

கதை ஓடவும் வேண்டும். துணையில்லாமல் படிக்க, நூற்றுக்கு 98 சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது பால் நேஷன் போன்ற சொல் கற்றல் ஆய்வாளர்களின் கணக்கு. 300 சொல் கொண்ட பக்கத்தில் தெரியாதவை ஆறு. பழைய பேரிலக்கியம் ஒன்றை எடுத்தபோது எனக்குப் பக்கத்துக்கு இருபது வந்தது. பத்தாம் பக்கத்தோடு வைத்துவிட்டேன்.

தூறல்:
நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நானும் நாவல்களில் கற்றவள்தான். ‘எபிடமி’ என்ற சொல்லை ‘எபிடோம்’ என்றே பல வருடம் மனதுக்குள் படித்துவந்தேன். ஒரு நேர்காணலில் அப்படியே சொன்னபோது எதிரில் இருந்தவருக்குப் புரியவே இல்லை. அதிலிருந்து, படித்த அத்தியாயத்தை ஒலிப்புத்தகத்தில் ஒருமுறை கேட்டுவிடுகிறேன்.

சொல்லேர்:
தூறல் சொல்வது உச்சரிப்பில் வரும் பிழை. பொருளிலும் அதே ஆபத்து உண்டு. நீண்ட பயணம் முடிந்து நாயகன் ‘எனர்வேட்டட்’ ஆக இறங்கினான் என்று படிக்கிறீர்கள். ‘எனர்ஜி’ போல ஒலிப்பதால் உற்சாகமாக இறங்கினான் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அவன் சக்தியெல்லாம் வடிந்து தளர்ந்திருக்கிறான். ஊகம் தவறினாலும் கதை நிற்காது, அதனால் தவறு உங்களுக்குத் தெரியவே தெரியாது. பட்டியல் இப்படி ஏமாற்றாது.

நிலாமுற்றம்:
ஏமாற்றும், நண்பரே. எனக்கே நடந்தது. ‘பர்சிமோனியஸ்’ என்றால் சிக்கனமான என்று பட்டியலில் இருந்தது. குடும்பத்தைச் சிக்கனமாக நடத்திய என் பாட்டியைப் பாராட்டி எழுதிய கட்டுரையில் அந்தச் சொல்லைப் போட்டேன். அதில் கஞ்சத்தனம் என்ற குத்தல் இருக்கிறது என்று திருத்தியவர் சொல்லித்தான் தெரிந்தது. நான் எழுதியிருக்க வேண்டியது ‘ஃப்ரூகல்’. பாட்டியைப் பற்றி அப்படி எழுதிவிட்டேனே என்று இன்றும் வருத்தம் உண்டு. ஒரு கஞ்சப் பாத்திரத்தின் மேல் அந்தச் சொல்லைக் கதையில் பார்த்திருந்தால் தவறியிருக்க மாட்டேன்.

வெறும் ஊகத்தை நானும் நம்புவதில்லை. படிக்கும்போது பென்சிலால் அடிக்கோடு மட்டும். அத்தியாயம் முடிந்ததும் அகராதி பார்த்து, அந்த வாக்கியத்தை முழுதாக நோட்டில் எழுதி, சொல் வரும் இடத்தைக் காலியாக விடுவேன். விடை பக்கத்தின் பின்புறம்.

சொல்லேர்:
‘பர்சிமோனியஸ்’ விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஒற்றை வரிப் பொருள் போதாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்வுக்கு ஆறு வாரமே இருப்பவரிடம் நாவலைக் கொடுக்க எனக்கு மனம் வராது. மூன்று மாதத்துக்கு முந்தைய நோட்டுப் பக்கத்தை எடுத்து, பின்புறம் பார்க்காமல் நிரப்பிப் பாருங்கள். வந்ததை அப்படியே இங்கே எழுதுங்கள்.

நிலாமுற்றம்:
இப்போதுதான் நிரப்பினேன். 30 வாக்கியங்களில் 19 சரி. தவறிய 11-இல் எட்டு, அந்த நாவல் தொடரில் ஒரே ஒரு தடவை வந்த சொற்கள். அந்த எட்டையும் உங்கள் பட்டியல் முறைப்படி உருப்போட அட்டையில் எழுதிக்கொண்டேன், வாக்கியத்தோடு.