சுடர் அணைந்த பிறகு ஏறிய தண்ணீர்

ஏழாம் வகுப்பில் நடந்தது. தட்டில் கொஞ்சம் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சற்று நேரத்தில் சுடர் அணைந்தது, தண்ணீர் உள்ளே ஏறியது. "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது எரிந்து தீர்ந்துவிட்டது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது" என்றார் டீச்சர்.

நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சுடர் எரிந்தவரை தண்ணீர் ஏறியதாகவே தெரியவில்லை. அது மங்கி அணைந்த பிறகுதான் சரசரவென்று ஏறியது. ஆக்சிஜன் எரிய எரியத் தீர்கிறது என்றால் தண்ணீரும் கூடவே கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டாமா? கேட்டேன். "புத்தகத்தில் இருப்பதை எழுது, போதும்" என்றார். எழுதினேன், முழு மதிப்பெண்ணும் வந்தது.

பல வருடம் கழித்து என் மகளின் நோட்டில் அதே படம், அதே விடை. இருவருமாக வீட்டில் செய்து பார்த்தோம். முதலில் ஒரு மெழுகுவர்த்தி. அப்புறம் அதே டம்ளர், அதே உயரத்தில் மூன்று. மூன்று வைத்தபோது தண்ணீர் நன்றாகவே அதிகம் ஏறியது. டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் இரண்டு தடவையும் ஒரே அளவுதானே, அப்படியானால் ஏன் கூடுதலாக ஏற வேண்டும் என்று அவளே கேட்டாள்.

உண்மைக் காரணம் பெரும்பாலும் சூடுதான். சுடருக்கு மேலே டம்ளரைக் கொண்டுவரும்போதே உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிந்து, ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. உற்றுப் பார்த்தால் விளிம்பில் குமிழிகள்கூடத் தெரியும். சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. எரிந்த ஆக்சிஜன் எங்கும் மாயமாவதில்லை. அது கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறுகிறது. அந்த நீராவி கண்ணாடியில் பனி போலப் படிவதால் கொள்ளளவு கொஞ்சம் குறைகிறது என்பது உண்மை, ஆனால் அது சிறு பங்குதான். இன்னொன்று, ஆக்சிஜன் முழுக்கத் தீரும்வரை மெழுகுவர்த்தி எரிவதே இல்லை. காற்றில் 21 சதவீதமாக இருப்பது சுமார் 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே அணைந்துவிடுகிறது.

நாக்கு வரைபடத்திலும் எனக்கு இதே கதைதான். நுனியில் இனிப்பு, கடைசியில் கசப்பு என்று வண்ணம் தீட்டிவிட்டு, நுனியில் உப்பை வைத்துப் பார்த்தேன். நன்றாகக் கரித்தது. என் நாக்கில்தான் கோளாறு என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர், நாக்கு சுவையை உணர்வதில் இடத்துக்கு இடம் சிறு வேறுபாடு மட்டுமே கண்டார். 1942இல் போரிங் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் நூலில் அதை வரைபடமாகப் போட்ட விதம், ஒவ்வொரு சுவைக்கும் தனி இடம் என்று படிப்பவர்களை நினைக்க வைத்துவிட்டது. நாக்கில் சுவை மொட்டுகள் உள்ள எல்லாப் பகுதிக்கும் எல்லாச் சுவையும் தெரியும்.

சிரை ரத்தம் நீலம் என்று படித்ததும் அப்படித்தான். பரிசோதனைக்கு ஊசியில் எடுப்பது சிரை ரத்தம்தான், அது கருஞ்சிவப்பாக இருப்பதைப் பார்த்திருப்போம்.

சூரியனுக்கு அருகில் போனால் கோடை என்று நன்றாகப் படித்தவர்களே இன்றும் என்னிடம் வாதாடுகிறார்கள். பூமி மிக அருகே, ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில். வட அரைக்கோளத்துக்கு அது குளிர்காலம். 15.2 கோடிக்கு விலகிப்போவது ஜூலையில். பருவங்களுக்குக் காரணம் அச்சின் 23.5 டிகிரி சாய்வு. பாடப்புத்தகத்தில் பாதையை நீள்முட்டையாக வரைந்துவிடுகிறார்கள், பார்ப்பவருக்கு வேறென்ன தோன்றும்? உண்மைப் பாதை கண்ணுக்கு வட்டமாகவே தெரியும்.

என் மகள் நோட்டில் விடைக்குக் கீழே "தண்ணீர் சுடர் அணைந்த பிறகுதான் ஏறியது" என்று பென்சிலால் எழுதி வைத்தாள். அவளுடைய டீச்சர் அதை அடிக்கவில்லை. மறுநாள் மூன்று மெழுகுவர்த்தி கொண்டுவரச் சொன்னார்.