ஜெர்மனியில் வீட்டு வாசலில் திடீர்க் களேபரமா? கதவைத் திறந்து கேளுங்கள்

ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்காக எழுதுகிறேன். வீட்டுப் பதிவு, காப்பீடு, வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒருநாள் தெருவில் போலீஸ் வண்டிகள் வந்து நிற்கும். ஒலிபெருக்கியில் அறிவிப்பு போகும். எதிர்வீட்டுப் பாட்டி கைப்பையும் நாயுமாகக் கிளம்பிப் போவார். யாரோ உங்கள் அழைப்புமணியை விடாமல் அடிப்பார்கள். சொல்வதில் ஒரு வார்த்தைகூடப் புரியாது.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் இப்படி ஒரு காலையில் ஏதோ கலவரம் என்று பயந்து, விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். அவர் செய்திருக்க வேண்டியது நேர் எதிரானது. அது இரண்டாம் உலகப்போர் வெடிகுண்டு ஒன்றைச் செயலிழக்கச் செய்வதற்கான வெளியேற்றம்.

ஆமாம், இன்றைக்கும் நடக்கிறது, அதுவும் அடிக்கடி. போரின்போது நேச நாடுகள் போட்ட குண்டுகளில் ஒரு பகுதி வெடிக்காமல் மண்ணுக்குள் போய்விட்டது. கட்டடம் கட்டவும் குழாய் பதிக்கவும் தோண்டும்போது அவை கிடைக்கின்றன. 2011 டிசம்பரில் கோப்லென்ஸ் நகரில் ரைன் ஆற்றில் தண்ணீர் குறைந்தபோது 1.8 டன் குண்டு ஒன்று தெரிந்தது. சுமார் 45,000 பேரை வெளியேற்றினார்கள். 2016இல் ஆக்ஸ்பூர்க்கில் கிறிஸ்துமஸ் அன்றே சுமார் 54,000 பேர் வீட்டைவிட்டுப் போக வேண்டியிருந்தது. 2017 செப்டம்பர் 3 அன்று பிராங்க்ஃபர்ட்டில் 60,000 பேருக்கு மேல். 2025 ஜூன் 4 அன்று கொலோனில், டாய்ட்ஸ் பகுதியில் கிடைத்த மூன்று அமெரிக்கக் குண்டுகளுக்காக சுமார் 20,500 பேர்.

எண்பது வருடம் சும்மா கிடந்த குண்டு இனிமேலா வெடிக்கப்போகிறது என்று நம் ஆட்களில் சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். சில குண்டுகளில் தாமதமாக வெடிக்கவைக்கும் திரி இருக்கிறது. அதற்குள் ஒரு கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன். அது உடைந்து கசிந்து, ஊசியைப் பிடித்திருக்கும் செல்லுலாய்டு வட்டை மெல்லக் கரைக்கும். வட்டு போனால் ஊசி பாயும். இந்த வகையில் இப்போது கிடைப்பவை, போட்ட நேரத்தில் வட்டு முழுதாகக் கரையாமல் நின்றுபோன குண்டுகள்தான். வயது ஆக ஆக அந்த வட்டு தானே நொறுங்கிப்போகிறது. 2010 ஜூனில் கோட்டிங்கனில் செயலிழக்கச் செய்யும் முன்பே குண்டு வெடித்து, அந்தப் பணியிலிருந்த மூன்று பேர் இறந்தார்கள். 2012 ஆகஸ்டில் மியூனிக்கின் ஷ்வாபிங் பகுதியில் 250 கிலோ குண்டு ஒன்றைக் கழற்ற முடியாமல் அங்கேயே வெடிக்கவைத்தார்கள்; சுற்றியிருந்த வீடுகளின் கண்ணாடிகள் நொறுங்கின, தீயும் பிடித்தது. மக்கள் முன்பே வெளியேறியிருந்ததால் யாருக்கும் காயம் இல்லை.

சரி, மணி அடிக்கிறது. கதவைத் திறங்கள். பெரும்பாலும் வருவது ஓர்ட்நுங்ஸ்அம்ட் எனப்படும் நகர ஒழுங்குத்துறை ஊழியர்கள், போலீஸ், அல்லது தீயணைப்புத்துறையினர். எவாகுயீருங் என்ற சொல் காதில் விழுந்தால் கிளம்ப வேண்டும் என்று பொருள். ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை. போலி போலீஸ்காரர்கள் ஏமாற்றும் வேலையும் இங்கே உண்டு என்பதால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், உண்மையானவர்கள் கோபப்படமாட்டார்கள். தெருவே காலியாகிக்கொண்டிருக்கும்போது சந்தேகம் அதிகம் தேவையில்லை. ஆனால் ஒரே ஒருவர் வந்து, பணம் நகையைப் பத்திரமாக வைக்கிறேன், கொடுங்கள் என்று கேட்டால் கதவைச் சாத்திவிட்டு போலீஸ் எண்ணான 110க்கு அழையுங்கள்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை, தினசரி மாத்திரைகள், குழந்தைக்கு வேண்டியது, போன் சார்ஜர், சாவி. சாவி மறந்தால் ஆட்டோமேட்டிக்காகப் பூட்டிக்கொள்ளும் கதவு உங்களை இரவில் தெருவில் நிறுத்திவிடும். அடுப்பை அணையுங்கள். போக இடமில்லாதவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலோ மண்டபத்திலோ நகராட்சி இடம் ஏற்பாடு செய்யும். அதற்குக் கட்டணம் கிடையாது. நடக்க முடியாத பெற்றோர் உடன் இருந்தால், அறிவிப்பில் உள்ள எண்ணில் வண்டி கேட்டுச் சீக்கிரமே பதிவுசெய்யுங்கள். நேரத்தைத் தின்பது பெரும்பாலும் இந்த வெளியேற்றம்தான். குண்டைக் கழற்றும் வேலை பல சமயம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒருவர் உள்ளே ஒளிந்திருந்தாலும் வேலை தொடங்காது. மறுப்பவரைப் போலீஸ் வலுக்கட்டாயமாக வெளியேற்றலாம், அபராதமும் வரலாம். தெருவில் ஆயிரக்கணக்கானவர்கள் குளிரில் காத்திருப்பார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். என்ட்வார்னுங், அதாவது ஆபத்து நீங்கியது என்று அறிவித்த பிறகுதான் திரும்பிப் போகலாம்.

இதற்காக வந்த முதல் வாரத்திலேயே நீனா (NINA) என்ற எச்சரிக்கைச் செயலியைப் போனில் போட்டுவிடுங்கள். மத்திய அரசின் பேரிடர் உதவித்துறை நடத்துவது, இலவசம், ஆங்கிலமும் உண்டு. உங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கிறது, எந்தத் தெருக்கள் வரை என்று தெரியும். பெரிய ஆபத்துக்கு, செயலி இல்லாவிட்டாலும் செல்போன் கோபுரங்கள் வழியாக நேரடி எச்சரிக்கை வரும். 2023 முதல் அது முறையாக நடைமுறையில் இருக்கிறது. வாட்ஸாப் குழுவில் யாரோ அனுப்பும் குரல்பதிவை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

அப்புறம் சைரன். ஒரு நிமிடம் ஏறி இறங்கி ஒலித்தால் எச்சரிக்கை. உள்ளே போய், ரேடியோவையோ நீனாவையோ பாருங்கள். ஒரு நிமிடம் ஒரே சீராக ஒலித்தால் ஆபத்து நீங்கியது. செப்டம்பர் இரண்டாவது வியாழக்கிழமை காலை 11 மணிக்கு நாடு முழுக்கச் சோதனை நடக்கும், போனும் அலறும். ஈழத்தில் போரை நேரில் பார்த்துவந்த பெரியவர்கள் பலர் இங்கே நம் வீடுகளில் இருக்கிறார்கள். அந்தச் சத்தம் அவர்களுக்கு என்ன செய்யும் என்று நாம்தான் யோசிக்க வேண்டும். முந்தைய நாளே உட்கார்ந்து சொல்லிவையுங்கள், முடிந்தால் 11 மணிக்கு அருகில் இருங்கள். குண்டு வெளியேற்றத்தின்போதும் அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, இது பழைய குண்டு, யாரும் புதிதாகப் போடவில்லை என்பதுதான்.

பயப்படத் தேவையில்லாத சத்தங்களும் உண்டு. நவம்பர் 11ஐ ஒட்டி மாலையில் குழந்தைகள் விளக்கேந்திப் பாட்டோடும் வாத்தியத்தோடும் போவார்கள், முன்னால் குதிரையில் ஒருவர் வருவார். அது புனித மார்ட்டின் ஊர்வலம். கல்யாணத்துக்கு முன் வாசலில் பீங்கான் தட்டுகளைப் போட்டு உடைப்பது ஒரு வழக்கம். கொடியோடு கார்கள் ஹாரன் அடித்துச் சுற்றினால் கால்பந்தோ கல்யாணமோ.

ஒரு சத்தத்தை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுக்குள் புகை அறிவிப்பான் நிற்காமல் கத்துகிறது, மணி அடித்தால் யாரும் திறக்கவில்லை. நமக்கென்ன என்று போய்விடாதீர்கள், தப்பாகிவிட்டால் பணம் கேட்பார்களோ என்றும் தயங்காதீர்கள். தீயணைப்புத்துறைக்கான அவசர எண் 112க்கு அழையுங்கள். உண்மையாகவே ஆபத்து என்று நம்பி அழைப்பவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. வேண்டுமென்றே பொய்யாக அழைத்தால்தான் குற்றம். அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை சின்னதாக ஒரு ‘பீப்’ மட்டும் என்றால் அது பேட்டரி தீர்ந்த அறிகுறி.

தெருவில் விபத்து என்றால் பால்கனியிலிருந்து வீடியோ எடுக்காதீர்கள். நிர்க்கதியாகக் கிடப்பவரைப் படம் பிடிப்பது இங்கே தண்டனைக்குரிய குற்றம்.

பார்வையாளர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மா பகலில் தனியாக இருப்பார்கள். ஒரு தாளில் வீட்டு முகவரி, உங்கள் எண், அவர்கள் சாப்பிடும் மருந்தின் பெயர், ‘எங்களுக்கு ஜெர்மன் தெரியாது, மகனுக்கோ மகளுக்கோ போன் செய்யுங்கள்’ என்று ஜெர்மனில் ஒரு வரி எழுதிக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். மணி அடித்தால் அதைக் காட்டினால் போதும். ஒரே ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடமாவது உங்கள் எண்ணைக் கொடுத்துவையுங்கள்.