சமுதாயக் கூடம் ஒன்றுதான்: உரை, நாடகம், ஓவியக் கண்காட்சி மூன்றும் நடத்த வேண்டும். எதிரொலியை என்ன செய்வது?

கூடச்செயலர்:

எல்லோருக்கும் வணக்கம். மாதம் ஓர் இலக்கிய உரை, இரண்டு மாதத்துக்கு ஒரு நாடகம், இடைப்பட்ட நாட்களில் ஓவியக் கண்காட்சி என்று அடுத்த ஆறு மாதத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறோம். கூடம் 18 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். கான்கிரீட் கூரை, பூசி வெள்ளையடித்த சுவர், டைல்ஸ் தரை. ஒரு முனையில் 60 செ.மீ. உயர மேடை. வழக்கமாக 80 பேர் வருவார்கள்.

பின்வரிசையில் சத்தம் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை. ஒலியைக் கூட்டினால் மைக் கூவுகிறது. இன்னும் இரண்டு பெரிய ஸ்பீக்கர் வாங்கலாம் என்பது குழுவில் பலருடைய கருத்து. சரியா? சுவரெல்லாம் ஒலியுறிஞ்சும் பலகை அடித்துவிட்டால் ஓவியத்தை எங்கே மாட்டுவது என்பது அடுத்த கவலை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒலிப்பலகை:

வணக்கம் ஐயா. ஸ்பீக்கர் வாங்குவதை முதலில் நிறுத்தி வையுங்கள். அந்தக் கூடத்தில் எவ்வளவு சத்தத்தைக் கொட்டினாலும் அது சுவரில் மோதி மோதித் திரும்பி அடுத்த சொல்லின் மேல் விழும். ஸ்பீக்கர் பெரிதானால் குழப்பமும் பெரிதாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒலி அடங்கும் நேரம் = 0.161 × கன அளவு ÷ மொத்த உறிஞ்சல். வாலஸ் சபைன் 1890களின் பிற்பகுதியில் ஹார்வர்டில் கண்டுபிடித்த சூத்திரம் இது. பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தில், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி அடுக்கியே அளந்தார். இன்றைக்கும் சிறு கூடங்களுக்கு அதுவே போதும்.

உங்கள் கூடம் 900 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்த்து 640 சதுர மீட்டர். எல்லாம் கடினப் பரப்பு என்பதால் உறிஞ்சல் நூற்றுக்கு ஐந்து என்று வைத்தால் 32 அலகு (ஒலியை முழுதும் விழுங்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பு ஓர் அலகு). வெறுங்கூடத்தில் ஒலி அடங்கச் சுமார் 4.5 வினாடி. ஓர் ஆளுக்கு 0.45 அலகு, 80 பேர் உட்கார்ந்தால் 36 சேரும், நேரம் 2.1 வினாடிக்கு இறங்கும். பேச்சுக்கு 1 வினாடி அருமை, 1.2 வரை தாராளமாக ஏற்கலாம். 1.2-க்கு வர இன்னும் 53 அலகு தேவை.

அதில் 20 அலகைப் பின்சுவரின் திரையிலிருந்து எடுக்கலாம். கனமான வெல்வெட் துணி, 10 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். சுவரின் அகலத்துக்கு இரண்டு மடங்கு துணி, அதாவது 20 மீட்டர் அகலத் துணி எடுத்துக் கொசுவி மடிப்பு வருமாறு தொங்கவிட வேண்டும். சுவரிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளி. இழுத்துக் கட்டிய தட்டையான துணி பாதி வேலைகூடச் செய்யாது.

மீதி 33 அலகுக்கு 60 × 120 செ.மீ. பலகைகள் சுமார் 54. ஒவ்வொன்றும் மரச்சட்டம், உள்ளே 50 மி.மீ. ராக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு), மேலே துணி, பின்னால் 5 செ.மீ. காற்று இடைவெளி. இந்த இடைவெளி இல்லாவிட்டால் கீழ்ச்சுருதி ஒலிகள் அடங்காமல் முழக்கமாக நிற்கும். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடையில்லாமல் மறுபக்கம் போனால்தான் ஒலியும் உள்ளே போகும். ராக்வூல் கையாளும்போது முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம்.

பலகை செய்து மாட்டிய பிறகு நிறம் பிடிக்கவில்லை என்று துணிமேல் பெயின்ட் அடிப்பார்கள். தூசி படியாமலிருக்க பிளாஸ்டிக் தாள் சுற்றுவார்கள். இரண்டுமே துளைகளை அடைத்துவிடும், செய்த வேலை வீண். முட்டை அட்டையும் தெர்மோகோலும் இதற்கு உதவாது. தீப்பிடித்தால் ஆபத்து வேறு. தீத்தடுப்புச் சான்று இல்லாத ஸ்பாஞ்சைக் கூட்டம் கூடும் இடத்தில் ஒட்டவே வேண்டாம். திரைத்துணி வாங்கும்போதும் அதையே கேளுங்கள்.

கூடச்செயலர்:

மிக்க நன்றி ஐயா. இந்த வருடம் திரைக்கும் பாதிப் பலகைக்கும் மட்டுமே நிதி இருக்கிறது. எதை முதலில் செய்வது? மைக் கூவுவது இதனால் நிற்குமா?

ஒலிப்பலகை:

திரைதான் முதலில். மேடையில் எழும் ஒலி பின்சுவரைத் தொட்டுத் திரும்ப 36 மீட்டர் போய்வருகிறது. நொடிக்கு 343 மீட்டர் வேகத்தில் அது 105 மில்லிவினாடி. 50-ஐத் தாண்டினாலே காது அதைத் தனிச் சொல்லாகக் கேட்கும். பேசுபவருக்குத் தன் குரலே பின்னாலிருந்து வந்து தடுமாறச் செய்வது இதனால்தான். அடுத்து, பக்கச் சுவர்களுக்கு நடுவே நின்று ஒரு முறை கைதட்டுங்கள். டர்ர்ர் என்று படபடத்தால் இரண்டு சுவரும் ஒலியைப் பந்தாடுகின்றன. எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றில் மட்டும் பலகை வைத்தாலே அது நின்றுவிடும். ஆகவே முதல் 27 பலகைகளை ஒரு பக்கச் சுவரில் விட்டு விட்டு மாட்டுங்கள். திரையோடு சேர்த்து 1.4 வினாடிக்கு வந்துவிடும். மற்றவை பிறகு கூரைக்கு.

கூவல் குறையும், ஆனால் மைக் வைக்கும் முறையும் மாற வேண்டும். ஸ்பீக்கர் எப்போதும் மைக்குக்கு முன்னால், பார்வையாளர் பக்கம் நிற்கட்டும். 2.2 மீட்டர் உயரத்தில், முகம் கடைசி வரிசைத் தலைகளைப் பார்த்துக் கொஞ்சம் குனிந்திருக்க வேண்டும். நிமிர்ந்திருந்தால் பாதி ஒலி பின்சுவருக்குத்தான் போகும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) இலவசமாகக் கிடைக்கும். 60 செ.மீ. தள்ளி நின்று பேசுபவரை 15 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல். எந்தப் பெரிய ஸ்பீக்கரும் இந்த லாபத்தைத் தராது. திறந்திருக்கும் மைக் இரட்டிப்பானால் 3 டெசிபல் போகும், எனவே பேசாதவருடைய மைக்கை மூடியே வையுங்கள். மேசையில் ஒருவருக்கு ஒரு மைக் போதும். அலங்காரத்துக்கு இரண்டு வைத்தால் தலை அசைய அசையக் குரல் சாயம் மாறும். மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கீழ்ச்சுருதி ஒலிகளை வெட்டிவிடுங்கள்.

பின்வரிசைக்குச் சின்ன ஸ்பீக்கர் ஒரு ஜோடி வேண்டுமென்றால், முன் ஸ்பீக்கரிலிருந்து 10 மீட்டரில் வைத்து 40 மில்லிவினாடி தாமதம் கொடுங்கள். 29 பயண நேரம், மீதி 11 காது ஒலியை மேடையிலிருந்தே வருவதாக எடுத்துக்கொள்ள. தாமதம் கொடுக்காமல் வைத்தால் இருக்கிற தெளிவும் போய்விடும்.

திரைச்சீலை:

நாடகத்துக்குச் சில விஷயம் சேர்க்கிறேன். சமதரையில் நாற்காலி போட்டால் 60 செ.மீ. மேடையில் உட்கார்ந்தோ படுத்தோ நடிக்கும் காட்சி நான்காவது வரிசைக்குத் தெரியாது. அந்தக் காட்சிகளை 30 செ.மீ. பெட்டித்தளத்தின் மேல் ஏற்றுங்கள். முதல் இரண்டு வரிசையைத் தரையில் பாய் விரித்து உட்காரவைத்தால் பின்னால் இருப்பவர்களுக்குப் பார்வை திறக்கும். நாற்காலிகளை ஒன்றன் பின் ஒன்றாக நேர்க்கோட்டில் வைக்காமல் அரை நாற்காலி தள்ளிப் போடுங்கள். வரிசைக்கு வரிசை 90 செ.மீ., நடுவழி 1.2 மீட்டர். கூட்டம் கூடிவிட்டது என்று நடுவழியில் நாற்காலி போட ஒருநாளும் விடாதீர்கள்.

விளக்கு நேர் எதிரே இருந்தால் முகம் அப்பளம்போல் தட்டையாகும். நடிப்பிடத்தின் இரு பக்கமும் 45 பாகையில், மேலிருந்தும் ஏறக்குறைய அதே கோணத்தில், ஒன்று கொஞ்சம் வெதுவெதுப்பான நிறம், மற்றது கொஞ்சம் குளிர்ந்த நிறம். நடுவில் ஒருவரை நிறுத்தி, தாடையின் கீழும் கண்குழியிலும் நிழல் எப்படி விழுகிறது என்று பாருங்கள். கண் இருட்டாக இருந்தால் விளக்கு அதிக உயரம். விளக்குக்கும் ஒலிக்கும் தனித்தனி மின்சுற்று. டிம்மர் (விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கம்பியும் மைக் கம்பியும் பக்கம் பக்கமாக ஓடினால் ஊஊம் என்று இரைச்சல் வரும். குறுக்கே கடந்தாக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். இரைச்சலை நிறுத்த பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு. உயிர் போகும் வேலை அது.

சட்டகம்:

ஓவியம் மாட்ட இடம் போய்விடும் என்று கவலை வேண்டாம். ஒலிப்பலகை 2.2 மீட்டருக்கு மேலே, ஓவியம் அதற்குக் கீழே. சுவர் நெடுகத் தண்டவாளம் ஒன்று பொருத்திக் கம்பியில் தொங்கவிட்டால் ஒவ்வொரு முறையும் ஆணி அடிக்க வேண்டியதில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது, உங்கள் கூடத்துக்கு அதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். 2 மீட்டர் உயரம், 1.2 மீட்டர் அகலத்தில் கீல் போட்ட மடக்குத் தட்டிகள் எட்டுப் பத்துச் செய்யுங்கள். ஒரு முகம் பிளைவுட், மறுமுகம் ராக்வூலும் துணியும். கண்காட்சிக்குப் பிளைவுட் முகம் வெளியே. முப்பது பேர் மட்டும் வரும் உரைக்கு நாற்காலிக்குப் பின்னால் துணி முகத்தை உட்புறம் திருப்பி வளைத்து நிறுத்தினால் கூடம் சின்னதாகும், ஒலியும் அடங்கும், காலி இருக்கையைப் பார்த்துப் பேசுபவர் சோர மாட்டார். தட்டிகளை நேர்க்கோட்டில் நிறுத்தாதீர்கள், சாய்ந்துவிடும். கோணல் மாணலாக நின்றால் ஒன்றை ஒன்று தாங்கும். ஓரத் தட்டிகளின் அடியில் மணல் மூட்டை.

ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 செ.மீ. விளக்கு செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்து விழட்டும். அதைவிடச் சாய்ந்தால் கண்ணாடியில் விளக்கின் பிம்பம் மின்னும். நீர்வண்ணம், காகிதம், துணிக்கு 50 லக்ஸ் (மேலே விழும் ஒளியின் அளவு). எண்ணெய் ஓவியத்துக்கு 200. ஜன்னல் வெயில் படும் சுவரில் நீர்வண்ணத்தை ஒரு நாள்கூட மாட்டாதீர்கள், ஒளியால் போன நிறம் திரும்பாது.

அட்டவணையில் கண்காட்சியையும் உரையையும் ஒரே வாரத்தில் வையுங்கள், உரை கேட்க வந்தவர்கள் படமும் பார்ப்பார்கள். நாடக வாரத்தில் மட்டும் சுவர் காலியாக இருக்கட்டும். ஒத்திகையில் ஏணியும் பலகையும் இங்கும் அங்கும் போகும்போது ஒரு சட்டகம் உடைந்தால், அந்த ஓவியர் அடுத்த முறை படம் தரத் தயங்குவார். வாங்கும்போதே ஒவ்வொரு ஓவியத்தையும் முன்னும் பின்னும் படமெடுத்து, இருக்கிற கீறலையும் குறித்து ஓவியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். திருப்பித் தரும்போது அதே தாளை வைத்துச் சரிபார்க்கலாம்.