ஷாங்ரி-லா என்பது உண்மையான ஊரா?

கேள்வி:
சீனாவின் யுன்னான் மாகாணப் பயணத்துக்கான நிரலில் 'ஷாங்ரி-லாவில் இரண்டு இரவுகள்' என்று பார்த்தேன். அது கதையில் வரும் கற்பனை ஊர் என்றல்லவா நினைத்திருந்தேன்?

பதில் 1:
கதைதான் முதலில் வந்தது. முதுமை மெல்ல வரும் அந்த மலைப் பள்ளத்தாக்கு, ஜேம்ஸ் ஹில்டன் 1933இல் வெளியிட்ட நாவலில் பிறந்தது. யாங்சி ஆற்று வெள்ளத்தையடுத்து 1998இல் மரம் வெட்டத் தடை விதிக்கப்பட்டதால் வருவாய் இழந்த ஜோங்தியன் மாவட்டம், சுற்றுலாவை நம்பி, 2001இல் அரசின் ஒப்புதலோடு அப்பெயரைச் சூடிக்கொண்டது. அதன் திபெத்தியப் பெயர் கியால்தாங். (அண்டை மாகாணமான சிச்சுவானும் அதே பெயருக்கு உரிமை கோரியது தனிக்கதை.)

பதில் 2:
ஷாங்ரி-லா போன்ற கனவு ஊர்களைக் குறிக்கும் 'யுடோப்பியா' என்ற சொல்லை 1516இல் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் மோர் உருவாக்கியபோது, 'இல்லாத இடம்', 'நல்ல இடம்' என்ற இரு கிரேக்கப் பொருள்களும் ஒலிக்கும்படி சிலேடையாக அமைத்தார். பயண விளம்பரங்கள் இரண்டாவதை மட்டும் விற்கின்றன. ஆனால், மரம் வெட்டிப் பிழைத்தவர்களுக்கு வேறு வழி என்ன இருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பதில் 3:
ஷாங்ரி-லாவின் பழைய நகரான துக்கெசோங்கின் பெரும்பகுதி 2014 ஜனவரியில் தீக்கிரையானது. இன்று காணும் மரவீடுகளில் பல அதன்பின் கட்டப்பட்டவை. குன்றின் மேலுள்ள பொன்னிறப் பௌத்தப் பிரார்த்தனைச் சக்கரத்தைத் தனியொருவர் அசைக்க முடியாது. முன்பின் அறியாதவர்கள் சேர்ந்து தள்ளினால்தான் சுழலும். ஊர் ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால், முதல் நாள் படியேறாமல் ஓய்வெடுங்கள்.