ஒரே அடுப்பு, இரண்டு பேர்

இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ சேர்ந்து நடத்துகிற குடும்பம் இலங்கை மலையகத்தில் இல்லையா என்ன? இருக்கிறது. நாம் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். காதல் கதை வேண்டாம். காசு, வீடு, பிள்ளை, கடன் இதெல்லாம் எப்படி ஓடுகிறது? நேரில் கண்டதை எழுதுங்கள். ஊர் மட்டும் போதும், பெயர் வேண்டாம்.

பொகவந்தலாவை

நான் அப்படி ஒரு வீட்டில்தான் வளர்ந்தேன். எனக்கு மூன்று வயதில் அப்பா கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார், திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் தேயிலைத் தோட்டத்தின் பக்கத்து டிவிசனிலிருந்து சின்னம்மா ஒரு பெட்டியோடு எங்கள் தொங்கல் காம்பராவுக்கு, அதாவது லயம் என்கிற வரிசை வீட்டின் கடைசி அறைக்கு, வந்தாள். அம்மாவுக்குக் கூடப்பிறந்த தங்கச்சி இல்லை. ஒரே மலையில் கொழுந்து எடுத்த பழக்கம். லயத்தில் கேட்டவர்களுக்கு "துணைக்கு இருக்கா" என்று சொன்னார்கள். பதினெட்டு வருடம் அந்தப் பதிலே போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வருகிற காசு இரண்டு பெண்களின் செக்ரோல் பேர்தான், அதாவது தோட்டப் பதிவேட்டில் விழும் நாள் கூலி. மழைக்காலத்தில் கிலோ சேராமல் அரைப்பேர் விழுந்தால் இரண்டு பேருக்குமே விழும். பக்கத்து வீட்டில் ஆண் கவ்வாத்து முடித்துவிட்டு மத்தியானம் மரக்கறித் தோட்டத்துக்குக் கைக்காசுக்குப் போவார். எங்கள் வீட்டில் மத்தியானத்துக்கும் கொழுந்துதான், அப்புறம் விறகு, தண்ணீர், நான். ஒருதடவை அமெரிக்கக் கணக்கு ஒன்றைப் பார்த்தேன். 2019இல் அங்கே திருமணமான ஆண் இணையரின் வீட்டு வருமானம், நடுவில் நிற்பவரை எடுத்தால், வருடத்துக்கு 1,23,000 டொலருக்கு மேல். பெண் இணையருக்கு 88,000 டொலருக்குச் சற்றுக் கீழ். தொகை நமக்கு எட்டாத தொகை. ஆனால் அந்த இடைவெளியை நான் பள்ளிக்கூடச் சப்பாத்தில் பார்த்திருக்கிறேன்.

இந்திய வீடமைப்புத் திட்டத்தில் எங்கள் டிவிசனுக்கு வீடு வந்தது. ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி. குடும்பத்துக்கு ஒன்று என்றார்கள். அம்மாவும் நானும் ஒரு குடும்பம். சின்னம்மா பட்டியலில் 'தனி ஆள்', ஆகவே வீடு இல்லை. அவள் சிரித்துக்கொண்டே அம்மாவோடு சேர்ந்து அத்திவாரத்துக்கு மண் சுமந்தாள்.

ஆயிரம் ரூபா சம்பளத்துக்காக அம்மா எத்தனையோ முறை கொடி பிடித்திருக்கிறாள். 2021இல் அது கிடைத்தது. அந்த வருடமே அம்மா போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மாமா இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, "வீடு எங்க அக்கா பேர்ல. இந்தம்மா எப்ப கெளம்புது?" என்று கேட்டார். கோபம் வந்தது, ஆனால் அவர் கேட்டதில் சட்டப்படி பிழை இல்லை. காணி உறுதிப் பத்திரம் கூட இன்னும் கைக்கு வரவில்லை. "வீடு பிள்ளைக்கு. பிள்ளை யார வச்சுக்குதோ வச்சுக்கட்டும்" என்று தோட்டத் தலைவர் முடித்துவைத்தார். நான் ஒருத்தி இல்லாவிட்டால்? அந்த இரண்டு பெண்களையும் கட்டி வைத்திருந்த ஒரே காகிதம் என் பிறப்புச் சான்றிதழ்தான், அதிலும் சின்னம்மாவின் பெயர் கிடையாது.

போன வருடம் சின்னம்மா தன் ஊழியர் சேமலாப நிதிக்குத் தனக்குப் பின் பெறுபவராக என் பெயரைப் போடப் போனாள். நானும் கூடப் போனேன். "உறவு?" என்றார் கிளார்க். "மகள்னு எழுதுங்க ஐயா." அவர் இரண்டு பேருடைய அடையாள அட்டையையும் புரட்டிப் பார்த்தார், பேனாவை வைத்தார், எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கடைசியில் 'பெறாமகள்' என்று எழுதினார். அவர்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு அக்கா தங்கச்சி பெற்ற மகளைச் சொல்ல அதுதான் சொல். சின்னம்மாவுக்கு அது தெரியாது. வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

ஹட்டன்

நாங்கள் ஆண்கள் இரண்டு பேர். ஒருவர் தமிழ், ஒருவர் சிங்களம். அதனால் அறை தேடும்போது அண்ணன் தம்பி என்று சொல்லவும் வழியில்லை! "கூட்டாளிமார்" என்று சொல்லி ஒரு கடைக்கு மேல்மாடியில் இருக்கிறோம்.

அக்கா எழுதிய ஆண் வருமானம் எங்களுக்குப் பொருந்தாது. கல்யாணம் ஆகாத மகனுக்கு என்ன செலவு என்பதுதான் இரண்டு வீட்டிலும் கணக்கு. தங்கச்சியின் கல்யாணக் கடன் என் தலையில், அவருடைய அப்பாவின் மருந்துச் செலவு அவர் தலையில். மாதக் கடைசியில் எங்களுக்கென்று மிஞ்சுவது வாடகையும் பாணும் பருப்பும். சேர்ந்து ஒரு முச்சக்கர வண்டி எடுக்கலாம் என்று போனோம். வண்டிக்குத் தவணைக் கடன் கொடுக்கிற லீசிங்காரர் முதலில் கேட்டது, "ரெண்டு பேருக்கும் என்ன உறவு?" பேசாமல் எழுந்து வந்துவிட்டோம்.

பேசியிருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஒரே பாலினத்தவர் உறவுக்கு 365ஏ பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை. 1995இல் திருத்தினார்கள், எடுத்துவிடவில்லை, பெண்களையும் உள்ளே சேர்த்துவிட்டார்கள். 2023 மே மாதம், இதைக் குற்றம் இல்லை என்று ஆக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டமூலம் நிறைவேறாமலே அந்தப் பாராளுமன்றம் கலைந்தது. இந்த நிலையில் லீசிங் கடையில் நான் என்ன விளக்குவது?

பதுளை

பத்திரங்கள் எழுதி உறுதிப்படுத்துகிற நொத்தாரிசு ஒருவரிடம் எழுதுவினைஞராக இருக்கிறேன். பொகவந்தலாவைத் தங்கச்சிக்கு ஒரு விஷயம். சேமலாப நிதிக்குப் பெயர் போட்டது நல்லது, ஆனால் அது அந்தக் காசுக்கு மட்டும்தான். சின்னம்மா பேரில் வங்கிக் காசு, நகை, மாடு என்று எது இருந்தாலும், எழுதி வைக்காமல் போனால் சட்டம் அவருடைய கூடப்பிறந்தவர்களைத் தேடிப் போகும். மரண சாசனம் (உயில்) எழுதச் சொல்லுங்கள். இந்த நாட்டில் நம் சொத்தை யாருக்கும் எழுதலாம், உறவு தேவையில்லை. நொத்தாரிசு முன்னால் என்றால் இரண்டு சாட்சி. நொத்தாரிசு இல்லாமல் என்றால் ஐந்து சாட்சி, எல்லாரும் ஒரே நேரத்தில் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். பெறப்போகிறவர் நீங்கள், அதனால் சாட்சியாக உங்கள் கையெழுத்து அதில் வேண்டாம்.

ஹட்டன் தம்பிமாருக்கும் இதே பதில்தான். வண்டி ஒருவர் பேரில், சாசனம் மற்றவருக்கு.

பொகவந்தலாவை

நன்றி அண்ணா. சின்னம்மாவிடம் சொன்னேன். "அஞ்சு சாட்சியா? இந்த மலையில நமக்கு அஞ்சு பேர் கையெழுத்துப் போடுவாங்களா?" என்று கேட்டாள். அப்புறம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். நாலு வரைக்கும் வந்துவிட்டாள்.