மாவட்டக் கிளையில் அடுத்த நிர்வாகிகளை எப்படித் தயார் செய்வது?

கிளைச்செயலர்_தெற்கு கேட்டது:

வணக்கம். கண் மருத்துவர் சங்கத்தின் ஒரு மாவட்டக் கிளை எங்களுடையது. ஆயுள் உறுப்பினர்கள் 180 சொச்சம். ஏஜிஎம்முக்கு (ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு) வருவது 25 பேர், அதிலும் பாதிப் பேர் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வருபவர்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற மூன்று பதவியும் ஐந்தாறு பேருக்குள்ளேயே சுற்றி வருகிறது. யாரும் நாற்காலியைப் பிடித்து வைத்திருக்கவில்லை. வேறு ஆள் கை தூக்குவதில்லை, அவ்வளவுதான்.

நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு சிஎம்இயில் (தொடர் மருத்துவக் கல்விக் கூட்டத்தில்) பேசவும், செஷன் நடத்தவும் வாய்ப்பு கொடுத்துப் பார்த்தாயிற்று. நன்றாகப் பேசுகிறார்கள், போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். பைலாவில் (சங்க விதிகளில்) தலைவராக 15 வருடம், செயலாளராக 10 வருடம் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்று வேறு இருக்கிறது. இரண்டு வருடத்தில் மாநில மாநாடு எங்கள் ஊருக்கு வருகிறது. அதற்குள் நாலு பேரையாவது உருவாக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

---

பழைய_பொருளாளர்:

சார், மேடை பேச்சாளரை உருவாக்கும். நிர்வாகி உருவாகிற இடம் கணக்குப் புத்தகமும் மினிட்ஸ் நோட்டும். நீங்கள் கொடுத்தது எல்லாம் மேடை.

முதல் வேலையாக இணைப் பொருளாளர், இணைச் செயலாளர் என்று இரண்டு பதவியை உயிரோடு வையுங்கள். பெரும்பாலான கிளைகளில் இந்தப் பதவிகள் லெட்டர்பேடில் மட்டும் இருக்கும். உயிர் வர மூன்று விஷயம் வேண்டும்.

ஒன்று, கையெழுத்து. வங்கிக் கணக்கில் மூன்று பேர் பெயர், அதில் எவரேனும் இருவர் கையெழுத்து என்று வைத்து, மூன்றாவது பெயராக இணைப் பொருளாளரைப் போடுங்கள். இரண்டு, வரம்பு. 5,000 ரூபாய் வரை அவரே முடிவெடுத்து, அடுத்த செயற்குழுவில் பில்லை வைத்தால் போதும் என்று தீர்மானம் போடுங்கள். மூன்று, தேதி. ஒரு முழு வருடச் சுழற்சி அவர் கை வழியே போக வேண்டும்: ஏப்ரலில் ரசீதுக் கட்டைகளின் எண் வரிசையையும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் ஒத்துப்பார்ப்பது, மே, ஜூனில் ஆடிட்டரிடம் உட்காருவது, ஏஜிஎம்மில் கணக்கை அவரே வாசித்துக் கேள்விக்குப் பதில் சொல்வது, செப்டம்பர் முடிவதற்குள் சங்கங்களின் பதிவாளருக்கு ஆண்டுக் கணக்கு, வருமான வரித் தணிக்கை அறிக்கைக்கு செப்டம்பர் 30, ரிட்டர்னுக்கு அக்டோபர் 31.

இது எங்கே உடையும் என்றால், ஓடிபி வரும் நம்பரில். நெட்பேங்கிங் ஓடிபி மூத்தவர் செல்போனுக்குப் போகும், பாஸ்வேர்ட் அவர் கிளினிக் மேலாளரிடம் இருக்கும், இணைப் பொருளாளர் "சார், கொஞ்சம் ஓடிபி சொல்றீங்களா" என்று கேட்டுக் கேட்டே ஆறு மாதத்தில் சலித்து ஒதுங்கிவிடுவார். சங்கத்தின் பெயரில் 200, 300 ரூபாய் ரீசார்ஜில் ஒரு சிம் வாங்குங்கள். வங்கி, வருமான வரி போர்ட்டல், இமெயில், வெப்சைட் டொமைன் எல்லாம் அந்த நம்பருக்குப் போகட்டும். சிம் இருக்கும் போன், பதவியோடு கை மாறட்டும்.

பொருளாளர் வேலையைப் பார்த்தவருக்கு மாநாடு பெரிய விஷயமாகத் தெரியாது. செஷன் மட்டும் நடத்தியவர் ஸ்டால் பில்லைப் பார்த்து மிரண்டுவிடுவார்.

---

விதி_எண்_12:

மேலே சொன்னதற்கு உடன்படுகிறேன். ஆனால் பைலாவைத் தொடாமல் இது நிற்காது.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவான கிளை என்றால், செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்காக மீண்டும் அதே ஆளைத் தேர்ந்தெடுக்கச் சட்டத்தில் தடை இல்லை. அந்தத் தடையை நீங்கள்தான் பைலாவில் எழுத வேண்டும்: ஒரே பதவியில் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இல்லை, எந்தப் பதவியாக இருந்தாலும் செயற்குழுவில் தொடர்ந்து ஆறு வருடம் இருந்தால், இரண்டு வருடம் வெளியே. இரண்டாவது வரி இல்லாமல் முதல் வரியால் பயன் இல்லை. செயலாளர் பொருளாளராவார், பொருளாளர் துணைத் தலைவராவார், சுற்று அப்படியே ஓடும்.

15 வருடம், 10 வருடம் என்ற நிபந்தனைதான் உங்களுடைய உண்மையான அடைப்பு. எம்எஸ் (கண் மருத்துவ மேற்படிப்பு) முடிக்கும்போது 28, 29 வயது. உடனே உறுப்பினரானாலும் செயலாளராக நிற்க 39 ஆகிவிடும். அதற்குள் அவர் சொந்த கிளினிக்கோ கார்ப்பரேட் மருத்துவமனையோ என்று செட்டிலாகி, சங்கத்தை மறந்திருப்பார். செயலாளருக்கு 5, தலைவருக்கு 10, இணைப் பதவிகளுக்கு 2 என்று குறைக்கலாம். தலைவருக்கு வேண்டுமானால் "ஏற்கெனவே ஒரு முழுப் பதவிக்காலம் செயற்குழுவில் இருந்திருக்க வேண்டும்" என்று போடுங்கள். வருடக் கணக்கைவிட அது பொருத்தமான தகுதி.

திருத்தத்துக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 21 நாள் நோட்டீஸ், அதில் பழைய வாசகமும் புதிய வாசகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். வந்து வாக்களிப்பவர்களில் நாலில் மூன்று பங்கு ஆதரவு. பிறகு பதிவாளரிடம் பதிவு செய்தால்தான் செல்லும். "இதர விஷயங்கள்" என்ற தலைப்பில் கடைசி நிமிடம் கொண்டுவந்து கைதட்டி நிறைவேற்றிய திருத்தத்தை, பின்னாளில் தேர்தலில் தோற்ற ஒருவர் ஒரே மனுவில் கவிழ்த்துவிடலாம்.

தேர்தல் முடிந்ததும், நிர்வாகிகள் மாறியதைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் படிவம் 7 தாக்கல் செய்ய மறக்காதீர்கள். அதன் நகல் இல்லாமல் பல வங்கிகள் கையெழுத்தை மாற்றித் தருவதில்லை. புதிய ஆள் பதவியேற்று நாலு மாதம் ஆன பின்னும் காசோலையில் பழையவர்கள் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் இதனால்தான்.

முன்னாள் தலைவர்கள் எல்லாருக்கும் செயற்குழுவில் நிரந்தர இடம் என்று ஒரு விதி சில பைலாக்களில் இருக்கும். பத்து வருடத்தில் அவர்கள் மட்டுமே பெரும்பான்மை ஆகிவிடுவார்கள். உடனடி முன்னாள் தலைவர் ஒருவர் போதும். மற்றவர்களை ஆலோசனைக் குழுவில் வாக்கில்லாமல் உட்கார வைத்து மாலை போடுங்கள். மாலை முக்கியம், விட்டுவிடாதீர்கள்.

---

காலை_ஓபி:

சார், ஒரு சந்தேகம். இளையவர்கள் கை தூக்குவதில்லை என்கிறீர்கள். செயற்குழுக் கூட்டம் எத்தனை மணிக்கு, எங்கே? சனிக்கிழமை இரவு 8.30க்கு ஹோட்டலில் என்றால் பதில் கிடைத்துவிட்டது. சின்னக் குழந்தை இருக்கும் பெண் மருத்துவர்கள் எல்லாரும் அங்கேயே விலகிவிடுவார்கள். எங்கள் துறையில் பிஜி (மேற்படிப்பு) வகுப்பில் பாதிக்குமேல் பெண்கள் இருக்கும் கல்லூரிகள் நிறைய. நிர்வாகிகள் பட்டியலில் எத்தனை பெண்கள் என்று எண்ணிப் பாருங்கள். மாதம் ஒரு கூட்டம் என்றால் இரண்டை ஆன்லைனில் 45 நிமிடம், ஒன்றை ஞாயிறு காலை 10 மணிக்கு நேரில் என்று சுழற்றலாம். அஜெண்டா மூன்று நாள் முன்னால் வரட்டும், 45 நிமிடத்தில் முடியட்டும்.

இன்னொரு ஓட்டை, பிஜி முடிக்கும் மாதம். மூன்று வருடம் அசோசியேட் உறுப்பினர், கல்லூரி முகவரி, கல்லூரி இமெயில். தேர்வு முடிந்ததும் பாண்ட் (கட்டாய அரசுப் பணி), ஃபெல்லோஷிப், வேறு ஊர் என்று கலைந்துவிடுவார்கள். சங்கத்தின் கடிதம் ஹாஸ்டலுக்குப் போய்த் திரும்பி வரும். இறுதித் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே சொந்த செல் நம்பர், சொந்த இமெயில், வீட்டு முகவரி வாங்கிவிடுங்கள். தேர்ச்சி பெற்ற ஆறு மாதத்துக்குள் ஆயுள் உறுப்பினரானால் கட்டணத்தில் சலுகை, இரண்டு தவணை என்று கொடுங்கள்.

பிஜிக்களை ரெஜிஸ்ட்ரேஷன் கவுன்டரில் பை கொடுக்க உட்கார வைப்பதை "ஈடுபாடு" என்று ஆண்டறிக்கையில் எழுதாதீர்கள். அதே ஆளிடம் போஸ்டர் மதிப்பீட்டுப் படிவத்தைத் தயாரிக்கவும் மதிப்பெண்ணைத் தொகுக்கவும் கொடுங்கள். அடுத்த வருடம் அவரே வருவார்.

அரசுப் பணியில் இருப்பவர்களை நிறுத்துவதானால், பதவியேற்கும் முன் துறைக்கு முறைப்படி எழுதி அனுமதி வாங்கச் சொல்லுங்கள்.

---

விழித்திரை_வாசகர்:

தயாரான மாதிரி ஒன்று நம் துறையிலேயே இருக்கிறது. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 1998இல் ஒரு தலைமைப் பயிற்சித் திட்டம் தொடங்கியது. ஆசிய பசிபிக் கண் மருத்துவ அகாடமியும் அதே வழியில் ஒன்று நடத்துகிறது. அமெரிக்கத் திட்டத்தில் கவனிக்க வேண்டியது பாடத்திட்டம் இல்லை, அமைப்பு. ஆள் தானாக விண்ணப்பிப்பதில்லை, அவரது மாநிலச் சங்கமோ உட்பிரிவுச் சங்கமோ பெயரை முன்மொழிய வேண்டும். வருடத்துக்கு ஏறத்தாழ இருபது பேர் கொண்ட ஒரே வகுப்பு. நடுவில் வாஷிங்டனில் மக்கள் பிரதிநிதிகளை நேரில் பார்த்துப் பேசும் நாள் ஒன்று. முக்கியமாக, ஒவ்வொருவரும் தன்னை அனுப்பிய சங்கத்துக்குப் பயன்படும் ஒரு திட்டத்தைச் செய்து முடிக்க வேண்டும்.

மாவட்ட அளவுக்கு இதைச் சுருக்கினால்: நாலு பேர், பத்து மாதம், இரண்டு மணி நேரமாக ஆறு அமர்வு, ஆளுக்கு ஒரு திட்டம், திட்டத்துக்கு 20,000 ரூபாய். மொத்தம் 80,000, ஒரு ஹோட்டல் சிஎம்இயின் சாப்பாட்டுச் செலவுக்குள் அடங்கும்.

அமர்வுகளில் "தலைமைப் பண்புகள்" என்று மோட்டிவேஷன் பேச்சாளரை அழைக்காதீர்கள். வரவு செலவுக் கணக்கை வாசிப்பது; கூட்டத்தை நடத்தி மினிட்ஸ் எழுதுவது; உறுப்பினர் மீது புகார் வந்தால் இரு தரப்பையும் கேட்கும் முறை; நிருபருக்கு மூன்று வாக்கியத்தில் தமிழில் பதில் சொல்வது; சுகாதார இணை இயக்குநருக்கும் ஆட்சியருக்கும் ஒரு பக்கத்தில் கோரிக்கை எழுதுவது; ஸ்பான்சருடன் ஒப்பந்தம் போடுவது. கடைசி அமர்வில் 2024 மார்ச்சில் வந்த மருந்து நிறுவனச் சந்தைப்படுத்தல் நெறிமுறையை வரிவரியாகப் படிக்க வேண்டும். பேச்சாளராக வரும் மருத்துவரைத் தவிர மற்றவருக்குக் கம்பெனி பயணச் செலவு, ஹோட்டல் அறை கொடுக்கக் கூடாது. வெளிநாட்டில் சிஎம்இ நடத்தவும் கூடாது. மாநாட்டு பட்ஜெட்டைப் பழைய பழக்கத்தில் போடுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டு உதாரணம்.

தீபாவளி இரவுப் பட்டியல்: மாவட்டத்தில் பட்டாசுக் காயத்துக்கு எந்த மருத்துவமனையில், எந்த மூன்று நாள், எந்த நேரம் கண் மருத்துவர் இருப்பார், அறுவை அரங்கு உண்டா, போன் நம்பர் என்ன. ஒரே பக்கம். பத்து நாள் முன்னால் 108க்கும், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும், பத்திரிகைகளுக்கும் போக வேண்டும். முடிந்த பின் எத்தனை காயம், எத்தனை பேர் நேராகச் சரியான இடத்துக்கு வந்தார்கள் என்ற எண்ணிக்கை. சின்ன வேலைதான். ஆனால் போட்டி மருத்துவமனைகளை ஒரே தாளில் கையெழுத்துப் போட வைப்பதற்குள் ஆளின் தரம் தெரிந்துவிடும்.

குறைமாதக் குழந்தை விழித்திரைப் பரிசோதனை: 2,000 கிராம் அல்லது அதற்குக் குறைந்த எடை, அல்லது 34 வாரத்துக்கு முன் பிறப்பு என்றால் 30 நாளுக்குள் முதல் பரிசோதனை, 28 வாரத்துக்கு முன் பிறந்தவையும் 1,200 கிராமுக்குக் கீழானவையும் இன்னும் முன்னதாக, இரண்டு மூன்று வாரத்திலேயே. மாவட்டத்தில் உள்ள பச்சிளங்குழந்தைப் பிரிவுகள் எத்தனை, எந்தப் பிரிவுக்கு யார் எந்தக் கிழமை போகிறார், டிஸ்சார்ஜ் ஆன குழந்தைக்கு அடுத்த தேதியை யார் போனில் நினைவூட்டுகிறார் என்ற பட்டியல். அளவுகோல் ஒன்றே: பார்க்க வேண்டியவை எத்தனை, 30 நாளுக்குள் பார்த்தவை எத்தனை. குழந்தை மருத்துவர் சங்கத்தோடு சேராமல் இது நடக்காது, பயிற்சியே அதுதான்.

"விழிப்புணர்வுப் பேரணி"யைத் திட்டமாக ஏற்காதீர்கள். பேனரும் தொப்பியும்தான் மிஞ்சும்.

---

கிளைச்செயலர்_தெற்கு:

எல்லாருக்கும் நன்றி. பைலாவை எடுத்துப் பார்த்தேன், முன்னாள் தலைவர்கள் விதி எங்களிடமும் இருக்கிறது. இரண்டு கேள்வி. நாலு பேரை யார் தேர்ந்தெடுப்பது? வெளிப்படையாகச் சொன்னால், முதல் மூன்று பெயரும் மூத்தவர்களின் மகன், மகள், மருமகனாகத்தான் வரும். இன்னொன்று, தேர்தலில் தோற்றவர்கள் அப்படியே காணாமல் போகிறார்கள்.

---

விதி_எண்_12:

பெயர் முன்மொழிபவர் வேறு, மதிப்பெண் போடுபவர் வேறு என்று பிரியுங்கள். மதிப்பெண் போடும் மூன்று பேரில் ஒருவர் பக்கத்து மாவட்டக் கிளைக்காரர், ஒருவர் வேறு துறைச் சங்கத்தின் செயலாளர். உறவினரோ, தன் மருத்துவமனையில் சம்பளம் வாங்குபவரோ என்றால் அந்தப் பெயருக்கு மதிப்பெண் போடக் கூடாது. விண்ணப்பத்தில் வெளியீடு, விருது கேட்க வேண்டாம். செய்ய நினைக்கும் திட்டம் ஒரு பக்கம், வேலை கொடுப்பவரிடமிருந்து மாதம் ஒரு அரைநாள் விடுப்புக் கடிதம். அந்தக் கடிதத்தைக் கேட்காவிட்டால் கார்ப்பரேட்டில் இருப்பவர்கள் மூன்றாவது அமர்வில் நின்றுவிடுவார்கள், பிறகு சொந்த மருத்துவமனை வைத்திருப்பவரின் வாரிசு மட்டும்தான் மிச்சம். வாரிசும் தகுதியானவர் என்றால் வரட்டுமே, நாலில் ஒன்று போதும்.

---

பழைய_பொருளாளர்:

தோற்றவருக்கு முடிவு வந்த அன்றே போன் போட வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போட்டால் குழு அரசியல் தொடங்கியிருக்கும். பேச்சு "வருத்தப்படாதீங்க" என்று இருக்கக் கூடாது, ஒரு வேலையோடு போக வேண்டும். இரண்டாவதாக வந்தவருக்கு மாநாட்டின் ஏதாவது ஒரு உபகுழுவைத் தலைமையோடு கொடுங்கள், பட்ஜெட்டோடு.

மாநாட்டுக்கு இரண்டு வருடம் இருக்கிறது என்றீர்கள். ஆர்கனைசிங் செக்ரட்டரியாக மூத்தவரே இருக்கட்டும். அவருக்குக் கீழே பதிவு, வர்த்தக அரங்கு, கணக்கு ஆகிய மூன்றையும் பயிற்சியில் இருப்பவர்களுக்குக் கொடுங்கள். சயின்டிஃபிக் கமிட்டிக்குத் தானாகவே ஆள் சேரும். டெலிகேட் ஃபீஸும் ஸ்டால் வாடகையும் சேர்ந்து வருடத்தில் 20 லட்சத்தைத் தாண்டும் என்றால் ஜிஎஸ்டி பதிவு முன்கூட்டியே வேண்டும். 18 சதவீதத்தைச் சேர்க்காமல் கட்டணத்தை அச்சடித்துவிட்டால், அந்தப் பணம் சங்கத்தின் கையிலிருந்துதான் போகும். மாநாடு முடிந்து 90 நாளில் கணக்கு மூட வேண்டும், மாநிலச் சங்கத்துக்கும் கிளைக்கும் மிச்சத்தில் எத்தனை பங்கு என்பதை இப்போதே எழுத்தில் வாங்குங்கள். லாபம் வந்த பிறகு அதைப் பேசினால் உறவு கெடும்.

இந்த வாரமே செய்யக்கூடியது: வெப்சைட் டொமைனும் சங்க இமெயிலும் யார் பெயரில், யார் நம்பரில் இருக்கிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், மாற்றுவதற்கான வழி சொல்கிறேன்.

---

கிளைச்செயலர்_தெற்கு:

பார்த்தேன் சார். டொமைன், வெப்சைட் செய்து கொடுத்த டிசைனர் பெயரில் இருக்கிறது. அடுத்த மாதம் காலாவதி.