எட்டுப் பாட்டும் ஒரே ஆல்பமாகக் கேட்க வேண்டும்: மிக்ஸிங் அனுபவங்கள்

சுருதிப்பெட்டி:

போன வருஷம் ஒரு முருகன் பக்தி ஆல்பம் கைக்கு வந்தது. எட்டுப் பாட்டு. ஆறில் பெண் குரல், இரண்டில் ஆண் குரல். ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாப்ட்வேரில் முதல் பாட்டை மிக்ஸ் செய்து (குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து) அனுப்பினேன். தயாரிப்பாளருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "மத்ததும் இதே மாதிரி வந்துட்டா போதும் தம்பி" என்றார். இந்த 'இதே மாதிரி' இருக்கிறதே, அதில்தான் மொத்த வேலையும் அடங்கியிருக்கிறது.

முதல் பாட்டின் ட்ராக்குகளை டெம்ப்ளேட்டாகச் சேமித்து அடுத்த பாட்டில் இறக்கினால் முடிந்தது என்பார்கள். பாதிதான் முடியும். இரண்டாவது பாட்டில் அதே பாடகி, அதே மைக், அதே ஈக்யூ (கீழ், நடு, மேல் ஒலிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்குவது), அதே கம்ப்ரஸர் (சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் அமுக்குவது). ஆனாலும் குரல் வேறு ஆள் பாடுவது போல மெலிந்து கேட்டது. கம்ப்ரஸரைத் திறந்து பார்த்தால் விஷயம் தெரிந்தது. முதல் பாட்டில் சத்தமான இடங்களில், எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டும் முள் 4 டிபி வரை இறங்கியது, இங்கே அசையவே இல்லை. குரல் குறைந்த லெவலில் பதிவாகியிருந்ததால் கம்ப்ரஸர் வேலை தொடங்கும் அளவான த்ரெஷோல்டைத் தொடவில்லை. ட்ராக்கின் வால்யூம் ஃபேடரை ஏற்றினால் சத்தம்தான் கூடும், கம்ப்ரஸருக்கு ஒன்றும் தெரியாது, ஏனென்றால் ஃபேடர் எஃபெக்டுகளுக்குப் பிறகு வருகிறது. ஐட்டத்தின் (டைம்லைனில் இருக்கும் ஆடியோ துண்டின்) வால்யூமை ஏற்ற வேண்டும். ப்ரோ டூல்ஸ்காரர்களுக்கு இது க்ளிப் கெய்ன். ஏற்றியதும் முள் பழையபடி ஆட ஆரம்பித்தது, குரலும் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டிலும் முதல் வேலையே குரலை ஒரே லெவலில் கம்ப்ரஸருக்குள் அனுப்புவதுதான்.

மிருதங்கம் இப்படி வழிக்கு வரவில்லை. பெண் குரலுக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை, ஆண் குரலுக்கு ஒன்றரைக் கட்டை. வலந்தலையை (மிருதங்கத்தின் வலது முகத்தை) பாட்டின் சுருதிக்குத்தான் சேர்ப்பார்கள், அதனால் பெண் குரலுக்கு நீளமான தக்கு சுருதி மிருதங்கம், ஆண் குரலுக்கு அதைவிடக் குட்டையான ஹெச்சு சுருதி மிருதங்கம். வாத்தியமே வேறு! ஒன்றில் ரீங்காரத்தைக் குறைக்க ஈக்யூவில் வெட்டிய இடம், இன்னொன்றில் நாதத்தின் நடு வயிற்றில் போய் விழுகிறது. ஆண் குரல் பாட்டுகளுக்கு மிருதங்க ஈக்யூவைப் புதிதாகவே போட்டேன். டெம்ப்ளேட்டிலிருந்து தாளத்துக்கு எடுத்துக்கொண்டது பேனிங்கும் (இடது வலது இடம்) ரிவர்ப் சென்டும் (எதிரொலி அளவு) மட்டும்தான்.

அப்புறம் எட்டையும் ஒரே ப்ராஜெக்டில் ஒரே டைம்லைனில் வரிசையாக வைத்துவிட்டேன். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ரீஜியன் (டைம்லைனில் பெயரிட்டுக் குறித்த பகுதி). எல்லாக் குரலும் ஒரே பஸ்ஸுக்குள் (பல ட்ராக்குகள் சேரும் பொதுத் தடத்துக்குள்) போகிறது. மூன்றாம் பாட்டில் ஒரு திருத்தம் செய்தால் அந்த நொடியே ஆறாம் பாட்டுக்குத் தாவிக் கேட்கலாம். இந்த வசதி தனித்தனி ப்ராஜெக்டில் கிடையாது. கடைசியில் ரீஜியன் ரெண்டர் மேட்ரிக்ஸில் டிக் போட்டால் எட்டு ஃபைலும் தனித்தனிப் பெயரோடு வந்துவிடும்.

தொப்பிக்கட்டு:

அண்ணா, நான் மிருதங்கம் வாசிக்கிறவன், மிக்ஸ் செய்கிறவன் இல்லை. ஆனால் இதில் பாதிக் கதை எங்கள் பக்கம் இருக்கிறது. தொப்பியில், அதாவது இடது முகமான இடந்தலையில், நனைத்த ரவை பூசித்தான் கும்கி என்ற ஆழமான நாதத்தை வரவைக்கிறோம். ஏசி அறையில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். காயக் காய இடந்தலையின் சுருதி ஏறும், அடிநாதம் போய்விடும். காலையில் வாசித்த பாட்டில் 'தொம்' என்று இருப்பது மத்தியானத்துக்குள் 'டப்' என்று ஆகும். எந்த ஈக்யூவாலும் காய்ந்த ரவையை நனைக்க முடியாது.

ஒரு ஸ்டுடியோவில் நேரம் ஆகிறது என்று இடைவெளியே கொடுக்காமல் ஐந்து பாட்டை ஓட்டினார்கள். "மிக்ஸில் பார்த்துக்கலாம்" என்றார்கள். ஆல்பம் வந்ததும் கேட்டேன், முதல் பாட்டிலும் கடைசிப் பாட்டிலும் இரண்டு பேர் வாசித்தது போல இருந்தது. இப்போதெல்லாம் பாட்டுக்குப் பாட்டு ரவையைத் தொட்டுப் பார்த்து ஈரம் சேர்க்கிறேன். முதல் பாட்டின் தொப்பிச் சத்தத்தை ஹெட்போனில் ஒரு தடவை போடச் சொல்லி அதற்கு ஒட்டிவருகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். ரெக்கார்டிங் செய்கிறவர்கள் அந்த அவகாசத்தைக் கொடுத்தால் நல்லது.

ராத்திரி மிக்ஸ்:

ஆபீஸ் முடிந்து வந்துதான் எனக்கு மிக்ஸிங். வார நாளில் குழந்தை தூங்குவதால் மெதுவாக வைத்துக் கேட்பேன், ஞாயிற்றுக்கிழமை சத்தமாக. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகளில் எல்லாம் பேஸ் குறைவு, வார நாள் பாட்டுகளில் தொம்தொம் என்று அதிகம். காரணம் காதுதான். சத்தம் குறைந்தால் கீழ் ஸ்தாயிதான் நமக்கு மற்றதைவிடக் குறைவாகக் கேட்கும், நாமும் அதை ஈடுகட்ட ஏற்றிவிடுவோம். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே வரைபடம் போட்டுக் காட்டிய சமாச்சாரம் இது.

செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. மைனஸ் 20 டிபியில் பிங்க் நாய்ஸ் (சோதனைக்கான சீரான இரைச்சல்) ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் போன் ஆப்பை வைத்து அளந்து, சின்ன அறை என்றால் 75 டிபி பக்கம் வரும்படி ஸ்பீக்கரின் வால்யூம் குமிழைத் திருப்பி, அந்த இடத்தைக் குறிக்க ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். போன் மைக் துல்லியம் இல்லைதான், பரவாயில்லை. தினமும் அதே இடத்துக்குக் குமிழ் வருகிறதா என்பதுதான் முக்கியம். ராத்திரி அந்த லெவல் முடியாதென்றால் எடிட்டிங், சுருதி திருத்தம் மாதிரி வேலையைச் செய்யுங்கள். பேலன்ஸில் கை வைக்காதீர்கள்.

மாஸ்டர் பஸ்:

லவுட்னெஸ் பற்றி யாரும் பேசவில்லை. எட்டுப் பாட்டையும் மீட்டரில் மைனஸ் 14 லஃப்ஸுக்கு (LUFS, காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) கொண்டுவந்து 'சமமாக்கிவிட்டேன்' என்று அனுப்புகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். தம்பூராவும் குரலும் மட்டும் உள்ள விருத்தம், உடுக்கையும் பம்பையும் முழங்கும் காவடிப் பாட்டுக்குச் சமமான சத்தத்தில் நின்றால் கேட்க வேடிக்கையாக இருக்கும். விருத்தத்தில் பாடகி காதுக்குள் வந்து கத்துவார், காவடிப் பாட்டில் எங்கோ மூலையில் நிற்பார். ஸ்பாட்டிஃபையில் முழு ஆல்பமாகக் கேட்கும்போது பாட்டுக்குப் பாட்டு இருக்கும் சத்த வித்தியாசத்தை அவர்களே கலைக்காமல் விடுகிறார்கள். அப்புறம் நாம் ஏன் கலைக்க வேண்டும்? குரலை மட்டும் பாட்டுக்குப் பாட்டு ஒப்பிட்டு வையுங்கள், மீட்டர் எண் எது வந்தாலும் சரி.

கீபோர்டுக்காரன்:

சுருதிப்பெட்டி அண்ணே, ஒரே ப்ராஜெக்ட் யோசனை எனக்கு ஒத்துவராது. பாட்டுக்குப் பாட்டு டெம்போ வேறு, சாப்ட்வேர் வாத்தியங்கள் வேறு. க்யூபேஸ் சாப்ட்வேரில் தனித்தனியாக வைத்து, தேவையான ட்ராக்கை மட்டும் இன்னொரு ப்ராஜெக்டிலிருந்து இம்போர்ட் செய்கிறேன். நமது லேப்டாப் தாங்க வேண்டுமே!

சுருதிப்பெட்டி:

தம்பி, டெம்போ பிரச்சினையே இல்லை. ஒவ்வொரு ரீஜியன் தொடக்கத்திலும் ஒரு டெம்போ மார்க்கர் போடுங்கள், டெம்போவோடு சேர்த்துவைத்த டிலே தானாக மாறிக்கொள்ளும். அதற்கு முன்னால் டைம்பேஸை (ஆடியோ டெம்போவோடு நகர வேண்டுமா, நேரத்தோடு நிற்க வேண்டுமா என்ற அமைப்பு) 'டைம்' என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் டெம்போவைத் தொட்டதும் பின்னாலுள்ள ஆடியோ எல்லாம் நகர்ந்துவிடும்.

லேப்டாப் விஷயம் நியாயம்தான். மிடி (சாப்ட்வேர் வாத்தியத்துக்கான ஸ்வரக் குறிப்புகள்) எதையும் அந்தப் ப்ராஜெக்டுக்குள் நான் கொண்டுபோவதில்லை. அரேஞ்ச்மென்ட் தனித்தனி ப்ராஜெக்டில் முடிந்து, தயாரிப்பாளர் ஓகே சொன்ன பிறகு கீபோர்டு, வீணை, புல்லாங்குழல் எல்லாவற்றையும் ஆடியோவாக ரெண்டர் செய்து அதை மட்டும் இறக்குவேன். அதற்கு மேல் ஒரு ஸ்வரத்தை மாற்றச் சொன்னால் பழைய ப்ராஜெக்டைத் திறந்துதான் ஆக வேண்டும். அதனால் அந்த 'ஓகே'யை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் ரெண்டர் பட்டனைத் தொடுகிறேன்.